நாற்பத்தாறு லிட்டர்

அவளை மீட்டர் என்று கூப்பிடாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவளுடைய அப்பா. அவர் போய் ஐந்து வாரம் ஆகிறது. இன்னொன்று அப்பாவின் குதிரை. அது யாரையுமே கூப்பிடாது. பார்க்கும், அவ்வளவுதான்.

நேரில் அக்கா, பாப்பா என்றாலும், முதுகுக்குப் பின்னால் மற்ற எல்லோருக்கும் அவள் மீட்டர்தான். தண்ணீர் அலுவலகத்தில் மீட்டர் சோதிக்கும் வேலை, பத்தொன்பது வருடமாக. ‘எங்க வீட்டு மீட்டர் தப்பா ஓடுது’ என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அந்த மீட்டரைக் கழற்றி அவள் மேசைக்கு அனுப்புவார்கள். அவள் அதைக் குழாயில் பூட்டி, அளவு போட்ட தொட்டிக்குள் சரியாக நூறு லிட்டர் விட்டு, முள் என்ன சொல்கிறது என்று பார்ப்பாள். பத்துக்கு ஒன்பது மீட்டர் சரியாகவே இருக்கும். உடனே படிவத்தை எடுத்து, மனப்பாடமாகிவிட்ட இரண்டு வரியை எழுதுவாள்: ‘மீட்டரில் பழுது இல்லை. பயன்படுத்துபவர் தம் இணைப்பைச் சரிபார்த்துக்கொள்ளவும்.’ அந்த இரண்டு வரியை வாங்கியவர்கள் தெருவில் அவளைக் கண்டால் செருப்பைச் சரிசெய்யக் குனிந்துவிடுவார்கள்.

சில வீடுகளுக்கு நேரிலும் போவாள். அங்கே பெரிய ஆராய்ச்சி ஒன்றும் கிடையாது. தினசரி அளவைக் கேட்பாள். மனுஷர் இருக்கிற வீட்டில் தண்ணீர் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். துணி துவைத்தால் ஏறும், ஊருக்குப் போனால் விழும். தினமும் ஒரே அளவு ஓடினால் அது யாரும் குடிக்காத தண்ணீர், ஒழுகல். இதைச் சொல்ல அவளுக்கு மூன்று விநாடி போதும். சொல்லிவிட்டு, வீட்டுக்காரரை ஒரு மாதிரிப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குத்தான் முக்கால்வாசிப் பேர் அவளை வெறுத்தார்கள்.

அப்பாவுக்கு வேறு தொழில். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அதை ஒட்டி மரவேலி போட்ட வட்ட மைதானம். பிள்ளைகளுக்குக் குதிரை ஏறக் கற்றுக்கொடுத்தார். ஒரு சமயத்தில் ஒரே குதிரைதான் வைத்திருப்பார். வாழ்நாளில் மொத்தம் நான்கு. நாலாவதுதான் பெரியம்மா.

அம்மாவுக்கு ஒரு அக்கா இருந்தாள். வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்று, கழுத்தை நீட்டி, உள்ளே பெருக்கியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பாள். மூக்கால் ஒரு சத்தம் விடுவாள். அப்புறம்தான் காலை எடுத்து வைப்பாள். இந்தக் குதிரை வந்து இறங்கிய அன்று கொட்டகை வாசலில் நின்றது. கழுத்தை நீட்டியது. பார்த்தது. மூக்கால் ஒரு சத்தம் விட்டது.

“அட, பெரியம்மா வந்திருக்காங்க” என்றார் அப்பா.

அம்மா ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. பத்தாம் நாள் அவளே, “உங்க பெரியம்மாவுக்குத் தவிடு தீந்துபோச்சு” என்றாள். பெயர் நிலைத்துவிட்டது.

மீட்டருக்கும் குதிரைக்கும் ஏழாம் பொருத்தம். ஒன்பது வயதில் அப்பாவின் முதல் குதிரை அவளை வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டது. அதற்குப் பிறகு கொட்டகைக்குள் போனால் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டுதான் நகர்வாள். குதிரைக்காரர் மகள் என்று வெளியே சொல்லிக்கொள்ளக் கூச்சம். சொன்னால் யாராவது ஏறச் சொல்லிவிடுவார்கள்.

அப்பா போனபோது பெரியம்மா நிறைசினை. இன்னும் நாலு வாரம் இருந்தது.

துக்கம் வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் ஊர் சுற்றுவார்கள். மீட்டர் அட்டவணை போட்டாள். பெரிய காகிதத்தில் கோடு இழுத்து, தேதி, தீனி, தண்ணீர், லத்தி, நாடித் துடிப்பு, காய்ச்சல், குறிப்பு என்று ஏழு பத்தி பிரித்து, கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். குதிரைச் சாணத்துக்கு ஒரு தனிப் பத்தி ஒதுக்கிய முதல் ஆள் அந்த வீட்டில் அவள்தான். ‘குறிப்பு’ என்ற பத்தி மட்டும் காலியாகவே இருந்தது. அதில் என்ன எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“உங்கப்பா முப்பத்தஞ்சு வருஷம் குதிரை வெச்சிருந்தாரு. ஒரு துண்டுக் காகிதம் கிடையாது” என்றாள் அம்மா.

“அதான் எதுவும் தெரியல.”

“என்ன தெரியல? நாலு குதிரையும் நல்லாத்தானே இருந்துச்சு?”

இந்த மாதிரிக் கேள்விக்கு அட்டவணையில் பத்தி இல்லை.

அடுத்தது, குட்டி போட ஒரு வாரம் இருந்தபோது, தண்ணீர். அப்பா ஒரு தகர வாளி வைத்திருந்தார். ஒரு பக்கம் நசுங்கினது. அது எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டால், “ஒரு வாளி பிடிக்கும்” என்பார். மீட்டருக்கு அது தாங்கவில்லை. சுவரில் ஒரு இரும்புத் தொட்டி பொருத்தினாள். குதிரை குடிக்கக் குடிக்க உள்ளே மிதவை இறங்கும், வால்வு திறக்கும், தண்ணீர் தானே நிரம்பும். மிஞ்சினால் சுவருக்குப் பின்பக்கம் போக ஒரு வழிகுழாய். எல்லாவற்றுக்கும் முன்னால், தன் மேசையில் தானே இரண்டு தடவை சோதித்த ஒரு புது மீட்டர். வால்வை மட்டும் சோதிக்கவில்லை. அது அவள் துறை இல்லை.

வாளியை அம்மா வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போனாள்.

லாடம் அடிக்கிறவர் வந்து பார்த்தார். அப்பாவை அண்ணன் என்றே கூப்பிட்டுப் பழகியவர். அதனால் அவளுக்குச் சித்தப்பா. நாற்பத்திரண்டு வயது மீட்டர் அவருக்கு இன்னும் பாப்பா. பெரியம்மா தொட்டியில் வாயை வைத்ததும் வால்வு ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறியது, குழாய் கடகடவென்று அதிர்ந்தது, குதிரை தலையைத் தூக்கிக்கொண்டது.

“பாப்பா, இது தொட்டாலே கத்துதே?”

“பழகிடும் சித்தப்பா.”

“எது? குதிரையா, குழாயா?”

குதிரைகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் குட்டி போடும் என்று அவள் படித்திருந்தாள். அதனால் நாலு ராத்திரி நாற்காலி போட்டுக் காவல் இருந்தாள். ஐந்தாம் நாள் காலை ஒன்பதரைக்குப் பல் தேய்க்கப் போனாள். வாயில் நுரையோடு திரும்பி வந்தபோது குட்டி வைக்கோல் மேல் கிடந்து தும்மிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. நல்லவேளை, நீ இல்ல. இருந்திருந்தா நாடாவை எடுத்து அளந்திருப்பே.”

மீட்டர் விடுப்புக் கேட்டு மேலதிகாரிக்குப் போன் செய்தாள். பதற்றத்தில், “பெரியம்மாவுக்குப் பிரசவம் சார்” என்று சொல்லிவிட்டாள். பிறகு அவர் மெதுவாக, “உங்க பெரியம்மாவுக்கு என்ன வயசும்மா?” என்றார்.

“பதினாலு சார்.”

விடுப்பு உடனே கிடைத்தது. அப்பா போன துக்கம் இன்னும் தெளியவில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தப்பில்லை.

குட்டி ஆண். நாலு காலும் நாலு வேறு குதிரைகளிடமிருந்து வந்தவை போல இருந்தன. நஞ்சுக்கொடி இரண்டு மணி நேரத்துக்குள் விழுந்தது. கால்நடை டாக்டர், அவளைவிட இளையவள், வந்து விரித்துப் பார்த்து முழுசாக இருக்கிறது என்றாள். மீட்டர் அதன் எடையைச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

அட்டவணை நிறைந்தது. தண்ணீர்: 46, 47, 46, 46, 47. பால் கொடுக்கும் குதிரை நாளுக்கு நாற்பதிலிருந்து ஐம்பது லிட்டர் குடிக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. புத்தகமும் மீட்டரும் ஒரே பேச்சு பேசின. அப்பா போனதற்குப் பிறகு முதல் தடவையாக அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

“கொட்டகைக்குப் பின்னாடி புல்லு என்ன பசேல்னு வந்திருக்கு, பாத்தியா?” என்றாள் அம்மா. “தவளைகூடக் கத்துது.”

“மழைம்மா.”

“எப்ப பெஞ்சுது?”

மீட்டர் நாடி எண்ணிக்கொண்டிருந்தாள். இடையில் பதில் சொன்னால் கணக்கு விட்டுப்போகும்.

லத்திப் பத்தி மட்டும் ஒத்துழைக்கவில்லை. ஒன்பது தடவை, ஏழு, ஆறு, நாலு, இரண்டு. கடைசி இரண்டும் சின்னச் சின்ன உருண்டை, கூழாங்கல் மாதிரி. அவள் அதை ஒரு வரைபடமாகப் போட்டாள். கோடு அழகாக இறங்கியது. அழகாக இருக்கிறதே என்று ஒரு கணம் ரசித்தாள். அதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆறாம் நாள் காலை பெரியம்மா தீனியைத் தொடவில்லை. யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரித் திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. முன்னங்காலால் தரையைக் கீறியது. படுத்தது. எழுந்தது. மறுபடி படுத்தது. எழுந்தபோதெல்லாம் குட்டி மடியைத் தேடி ஓடியது. தாய் மடங்கி விழும்போதெல்லாம் துள்ளி விலகியது. விளையாட்டு என்று நினைத்திருக்கும்.

மீட்டர் டாக்டருக்குப் போன் செய்தாள்.

“லத்தி போட்டாளா அக்கா?”

“நேத்து ரெண்டு. இன்னிக்கு பூஜ்யம்.”

“நாடி?”

“அம்பத்திரண்டு. ரெண்டு தடவை எண்ணினேன்.”

“தண்ணி குடிக்கிறாளா?”

“நேத்து நாப்பத்தேழு லிட்டர்.”

“நிச்சயமா?”

“டாக்டர், அது என் தொழில்.”

“அப்படின்னா எனக்குப் பயமா இருக்குக்கா. நல்லா தண்ணி குடிச்சும் வலின்னா, குடல் முறுக்கியிருக்கலாம். குட்டி வெளிய வந்ததும் வயித்துல இடம் காலியாகுதில்ல, அப்ப குடல் புரண்டுக்கும். முறுக்கியிருந்தா அறுத்துத்தான் சரிபண்ணணும். அந்த வசதி இருக்கிற இடத்துக்குப் போக எட்டு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் அவ தாங்கமாட்டா. நான் வர்றேன். தீனிய எடுத்துடுங்க. மெதுவா நடத்துங்க. குட்டி அவ கண்ணுல படற மாதிரியே இருக்கட்டும்.”

சித்தப்பா வந்து தலைக்கயிற்றைப் பிடித்தார். மைதானத்தில் மூவரும் நடந்தார்கள். இல்லை, நாலு பேர். குட்டியும் பின்னால் தத்தித் தத்தி வந்தது. மீட்டர் சுற்றுகளை எண்ணினாள். முப்பத்தோராம் சுற்றில், அப்பா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தாள். அப்பா அவளைப் போய் வேலையைப் பார்க்கச் சொல்லியிருப்பார்.

டாக்டர் வந்து சேர ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. ஈறைப் பார்த்தாள், விரலால் அழுத்தினாள், வயிற்றின் இரண்டு பக்கமும் காதுகொடுத்துக் கேட்டாள். தோள்வரை நீளும் உறையை மாட்டிக்கொண்டு, எண்ணெய் தடவி, பின்னாலிருந்து கையை உள்ளே விட்டாள். கன்னம் குதிரையின் தொடையோடு ஒட்டிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, பெட்டிக்கடியில் விழுந்த சாவியைத் துழாவுகிறவள் போல நின்றாள்.

“முறுக்கல” என்றாள் கடைசியில்.

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஆனா கட்டிக்கிட்டு இருக்கு. காஞ்ச களிமண் மாதிரி. குட்டி போட்ட வலியில முக்கவும் பயந்திருப்பா, அதுவும் ஒரு காரணம். ஆனா முக்கியமா, இது தண்ணி குடிக்காத வயிறு.”

“இல்ல டாக்டர்.” மீட்டர் அட்டவணையை ஆணியிலிருந்து எடுத்துவந்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். “பாருங்க. நாப்பத்தேழு. அதுக்கு முந்தின நாள் நாப்பத்தாறு.”

தோள்வரை குதிரைக்குள் இருக்கும் ஒருத்தியிடம் காகிதத்தை நீட்டி வாதாடுகிற ஆள் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

“அக்கா,” என்றாள் டாக்டர் பொறுமையாக, “உங்க நோட்டு வெளிய இருக்கு. என் கை உள்ள இருக்கு.”

சித்தப்பா இருமினார். சிரிப்பை அப்படித்தான் மறைப்பார்.

மீட்டர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினாள். 46, 47, 46, 46, 47. இதே பத்தியை வேறொரு வீட்டுக்காரர் கொண்டுவந்து நீட்டியிருந்தால் மூன்று விநாடி. அவளுடைய சொந்தக் கையெழுத்து என்பதால் ஆறு நாள் ஆகியிருந்தது.

அவள் கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். வழிகுழாயின் வாயிலிருந்து பென்சில் முனை அளவுக்குத் தண்ணீர் அமைதியாக, அவசரமில்லாமல், ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. கீழே கணுக்கால் உயரத்துக்குப் புல். நடுவில் ஒரு தவளை. அது அவளைப் பார்த்தது. வீட்டுக்காரர்களை அவள் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

திரும்பி வந்தாள். “ஒழுகல்” என்றாள்.

“என்னது?”

“வால்வு சரியா மூடல. தண்ணி பின்னாடி போயிருக்கு. அந்தச் சத்தத்துக்கு பயந்துக்கிட்டு இது கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடிச்சிருக்கு. மீட்டர் ஓடுச்சு. நான் எழுதிட்டேன்.”

அம்மா தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். “ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில விழுமாம் துள்ளி” என்றாள். அம்மா பழமொழி சொல்லி ஐந்து வாரம் ஆகியிருந்தது. அதற்காகவே மீட்டர் பொறுத்துக்கொண்டாள்.

“நான் இதைக் கொன்னுட்டேனா டாக்டர்?”

“இன்னும் இல்ல” என்றாள் டாக்டர், கையை வெளியே எடுத்தபடி.

வலிக்கு ஊசி போட்டாள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாயை இறக்கி, வெதுவெதுப்பான தண்ணீரும் பாரஃபின் எண்ணெயும் புனல் வைத்து ஊற்றினாள். பெரியம்மா, பெண் வீட்டில் காபி சரியில்லை என்றால் முகம் வைத்துக்கொள்கிற சம்பந்தி போல நின்றது. பிறகு டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னாள்.

“ஊசி சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பிடிக்கும். அதுக்குள்ள அவ தானா தண்ணி குடிக்கணும், லத்தி போடணும். ரெண்டும் நடந்தா பிழைச்சா. நடக்காம, வலி திரும்பி வந்துச்சுன்னா…” துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். “குட்டிக்கு வேற பால் தேட ஆரம்பிச்சுடுங்கக்கா.”

அவள் போன பிறகு மீட்டர் தொட்டியின் குழாயை மூடினாள். சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் வாளி கொண்டுவந்தாள். பெரியம்மா முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. முந்தின நாள் அதில் மிளகாய்த் தூள் கழுவியிருந்தார்கள். சட்டியைக் கொண்டுவந்தாள். குட்டி அதற்குள் காலை விட்டது.

“அந்தத் தகர வாளி எங்கம்மா?”

அம்மா எழுந்து உள்ளே போனாள். குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தகரம் தேய்க்கும் சத்தம் கேட்டது, வெகுநேரம். வாளியோடு வந்து நின்றாள்.

“சோப்பு வாசனை போகத் தேய்ச்சிருக்கேன். ரெண்டு வாரமா இதுலதான் குளிக்கிறேன்.” என்னவோ திட்டுகிற மாதிரிச் சொன்னாள். “என்ன பாக்கிறே? நல்ல வாளிதானே?”

“நல்ல வாளிதான்” என்றாள் மீட்டர்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு நிரப்பினார்கள். மீட்டர் அதைப் பெரியம்மாவின் வாய்க்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பெரியம்மா தலையை மேலே தூக்கியது. இன்னும் உயர்த்திப் பிடித்தாள். அது இன்னும் தூக்கியது. சாய்ந்து அரை வாளி அவள் சட்டைக்குள் போயிற்று. சரியென்று கீழே வைத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு, கையில் பேனாவோடு உட்கார்ந்து வாளியையே பார்த்தாள். ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று.

“பாப்பா,” என்றார் சித்தப்பா, “நீ இப்படி முறைச்சுப் பாத்தா நானே குடிக்கமாட்டேன். அண்ணன் வாளிய வெச்சுட்டு வேற வேலை பாப்பாரு. நீ நாற்காலியத் திருப்பிப் போடு.”

“பாக்கலைன்னா எவ்வளவு குடிச்சுதுன்னு எப்படித் தெரியும்?”

“குடிச்சப்புறம் வாளியப் பாரு. குறைஞ்சிருக்கும்.”

பத்தொன்பது வருடத் தொழில்நுட்ப அனுபவத்தில் அவளுக்கு இது தோன்றவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். சித்தப்பா வெளியே மைதானத்துக்குப் போய்விட்டார். அம்மா ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், படம் இன்னும் ஆரம்பிக்காத தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் போல.

ஒன்றையும் அளக்காமல் அரை மணி நேரம் அவள் உட்கார்ந்ததே இல்லை. அளக்க எதுவும் இல்லாததால், ஐந்து வாரமாகத் தள்ளிவைத்தது தானாக வந்து நின்றது. மருத்துவமனை அறை. கட்டிலுக்குப் பக்கத்தில் திரை. அதில் பச்சை எண். அப்பாவின் விரலில் மாட்டியிருந்த கருவியிலிருந்து வரும் எண். அன்றைக்கு மத்தியானம் முழுக்க அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நாலு. ஒரு சமயம் அப்பா ஏதோ சொன்னார். எண் மாறிக்கொண்டிருந்ததால் அவள் காதில் விழவில்லை. சாயங்காலம் அவர் இல்லை. கடைசி எண் அவளுக்கு நினைவிருக்கிறது. அது எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் என்பதுகூட. முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் தெரியாது.

“அம்மா.”

“ம்.”

“அன்னிக்கு ஆஸ்பத்திரில அப்பா ஏதோ சொன்னாரே. என்ன சொன்னாரு?”

அம்மா சுவரில் ஆணியைப் பார்த்தாள்.

“‘இவளை வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வரச் சொல்லு. அந்த டப்பாவையே முறைச்சுக்கிட்டு இருக்கா, எனக்கே பயமா இருக்கு’ன்னாரு.”

“நீ என்கிட்ட சொல்லலையே.”

“சொன்னேனே. நீ திரும்பாமலே, ‘தொண்ணூத்தி நாலும்மா, நல்லா இருக்கு’ன்னே. அவரு சிரிச்சாரு.”

“சிரிச்சாரா?”

“சிரிச்சாரு. ‘போகட்டும் விடு, அவ தொழில் அது’ன்னாரு.”

மீட்டருக்குச் சட்டை ஏற்கெனவே நனைந்திருந்தது வசதியாகப் போயிற்று. அவள் அழுதது எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அப்போது பின்னால் தகரம் லேசாகத் தரையில் உரசியது. பிறகு உறிஞ்சும் ஒலி. பிறகு நீண்ட தொண்டைக்குள் ஒவ்வொரு மிடறாக இறங்கும் சத்தம். களக். களக். களக். அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். திரும்பாதே என்று அர்த்தம்.

“எண்ணாதே” என்று கிசுகிசுத்தாள்.

“எண்ணல.”

“உதடு அசையுது.”

நாற்பத்தொரு மிடறு. அவள் என்ன செய்வாள்?

சத்தம் நின்று வெகுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தார்கள். வாளியில் அடிமட்டத்தில் கொஞ்சம் மிச்சம். மறுபடி நிரப்பினார்கள், மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நாலரைக்குள் மூன்று வாளி. ஒரு வாளி எவ்வளவு பிடிக்கும் என்று யாராவது கேட்டிருந்தால், ஒரு வாளி பிடிக்கும் என்று அவள் சொல்லியிருப்பாள்.

ஐந்து மணிக்குப் பெரியம்மா மீண்டும் வயிற்றைத் திரும்பிப் பார்த்தது. ஒரு தடவை. சித்தப்பா தலைக்கயிற்றை எடுத்தார். “ஊசி இறங்குதோ என்னவோ” என்றார். மறுபடி நடத்தினார்கள். இந்தத் தடவை தலைக்கயிறு மீட்டரின் கையில் இருந்தது. எப்போது அதை வாங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. குதிரையின் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. ஒட்டிக்கொள்ளச் சுவரும் பக்கத்தில் இல்லை.

ஐந்தே முக்காலுக்குப் பெரியம்மா நடுமைதானத்தில் நின்றது. வாலைத் தூக்கியது. முக்கியது. ஒன்றும் இல்லை. மறுபடி முக்கியது. மைதானமே அதோடு சேர்ந்து முக்கியது. சித்தப்பாவின் கழுத்து நரம்பு புடைத்ததை மீட்டர் பார்த்தாள். பிறகு, தொப்பென்று, எண்ணெய்ப் பளபளப்போடு, கருத்த உருண்டைகள் விழுந்தன. அதன் பின்னால் இன்னும் கொஞ்சம், இளகலாக.

“போட்டுட்டா!” என்று அம்மா கத்தினாள். “போட்டுட்டா! எங்கக்கா போட்டுட்டா!”

சித்தப்பா இருமவில்லை, வெளிப்படையாகவே சிரித்தார். மீட்டர் கயிற்றை அவரிடம் கொடுத்துவிட்டு, கொட்டகைக்குள் ஓடி, தராசையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வந்து பார்த்தால் குட்டி லத்திக்கு முன்னால் நாலு காலையும் அகட்டி நின்று, நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

டாக்டருக்குப் போன் செய்தாள்.

“போட்டுடுச்சு டாக்டர்.”

“அப்பாடா! எவ்வளவு?”

“தெரியல. எடை போடறதுக்குள்ள குட்டி தின்னுடுச்சு. குட்டிக்கு ஏதாவது ஆகுமா? இப்ப என்ன பண்றது? வாயக் கழுவணுமா?”

டாக்டர் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. “எல்லாக் குட்டியும் அப்படித்தான்க்கா. தாயோட லத்தியத் தின்னாத்தான் அதுக்கு வயித்துல செரிமானத்துக்கு வேண்டிய கிருமி வரும். விடுங்க. வலி இருக்கா அவளுக்கு?”

மீட்டர் திரும்பிப் பார்த்தாள். பெரியம்மா வேலிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு புல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. காது இரண்டும் முன்னால் இருந்தன.

“இல்ல” என்றாள். நாடி எண்ணாமலே சொன்னாள். அப்புறம் சந்தேகத்துக்கு எண்ணியும் பார்த்தாள். நாற்பது.

அன்றைய வரியில் தண்ணீர்ப் பத்தியில் ‘மூன்று வாளி’ என்று எழுதினாள். லத்தி: ஒரு தடவை. ‘குறிப்பு’ பத்தியில் முதல் தடவையாக எழுதினாள்: ‘குட்டி தின்றது.’

விடுப்பு முடிந்து வேலைக்குப் போன அன்று, கொட்டகையிலிருந்து கழற்றிய மீட்டரைத் தன் மேசையில் பூட்டினாள். நூறு லிட்டர் விட்டாள். முள் நூறு என்றது. மறுபடி விட்டாள். நூறு. அது ஒரு துளிகூடப் பொய் சொல்லவில்லை. இவ்வளவு தண்ணீர் போயிற்று என்று மட்டும்தான் சொன்னது. யார் வாய்க்கு என்று யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

படிவத்தை எடுத்தாள். பயன்படுத்துபவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயர். சோதித்தவர் பெயர் என்ற இடத்திலும் தன் பெயர். நடுவில் அந்த இரண்டு வரி: ‘மீட்டரில் பழுது இல்லை. பயன்படுத்துபவர் தம் இணைப்பைச் சரிபார்த்துக்கொள்ளவும்.’ விதிப்படி தபாலில் அனுப்பினாள்.

மூன்றாம் நாள் அது வீட்டுக்கு வந்தது. அம்மா பிரித்துப் படித்தாள். படித்துவிட்டுக் கொட்டகைக்குள் போய், அட்டவணை தொங்கிய ஆணியில் அதைக் குத்தினாள். கீழே தகர வாளி நிறைந்திருந்தது. அம்மா இப்போது குளிப்பது மீட்டர் வாங்கிவந்த புது வாளியில். அதில் லிட்டர் கோடு போட்டிருக்கிறது என்று தினமும் திட்டுகிறாள்.

பெரியம்மா கழுத்தை நீட்டியது. படிவத்தைப் பார்த்தது. மூக்கால் ஒரு சத்தம் விட்டது.